எழுத்துப்பிழைக்கு ஒரு பேட்ச்: லினக்ஸின் தாமதம் அளக்கும் கருவியில் கைவைப்பது எப்படி?

'அக்கர்ட்' ('நிகழ்ந்தது') என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு சி, இரண்டு ஆர். ஓர் ஆர் விட்டுப்போனாலும் படிப்பவருக்குப் பொருள் புரிந்துவிடும். நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் கம்பைலரும் வாயைத் திறக்காது. அதனால்தான் இந்த மாதிரிப் பிழைகள் நிரலுக்குள் வருடக்கணக்கில் சொகுசாகக் குடியிருக்கின்றன. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலின் மூலநிரலில் இவற்றுக்கென்றே ஒரு கோப்பு உண்டு. ஸ்கிரிப்ட்ஸ் அடைவுக்குள் போய் ஸ்பெல்லிங்.டிஎக்ஸ்டி என்ற கோப்பைத் திறந்தால், வரிக்கு வரி முதலில் தப்பான சொல், நடுவில் இரண்டு செங்குத்துக் கோடுகள், பிறகு சரியான சொல். நம் 'அக்கர்ட்' அதில் இருக்கிறது.

கெர்னலுக்கு முதல் பேட்ச் (எதை எப்படி மாற்ற வேண்டும் என்று சொல்லும் திருத்தக் கோப்பு) அனுப்ப நினைப்பவர்கள் பெரும்பாலும் எழுத்துப்பிழையில்தான் தொடங்குகிறார்கள். நல்ல தொடக்கம்தான். ஒரு சாதனத்துக்கு டிரைவர் எழுதினாலும் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் பேட்ச் போகும் பாதை ஒன்றே. இந்த வழிகாட்டிக்கு, லினக்ஸில் தாமதத்தை அளக்கும் ஆர்டிஎல்ஏ என்ற கருவியை எடுத்துக்கொள்கிறேன். அளவில் சிறியது, தனியாகக் கம்பைல் ஆகும், கெர்னலையே புதிதாகக் கட்டி பூட் செய்ய வேண்டியதில்லை. கட்டளைகளை இங்கே தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

கருவி என்ன செய்கிறது?

தெரியாமல் கைவைக்கக் கூடாது என்பதால் சுருக்கமாக. கெர்னலுக்குள் நடப்பதைப் பதிவு செய்யும் எஃப்டிரேஸ், ஸ்டீவன் ரோஸ்டெட்டின் கைவண்ணம். 2008-இல் வந்த 2.6.27 பதிப்பில் சேர்ந்தது. அதன்மேல் டேனியல் பிரிஸ்டாட் டி ஒலிவேரா எழுதிய ஓஎஸ்நாய்ஸ், டைமர்லாட் என்ற இரண்டு டிரேசர்கள் (பதிவு செய்யும் பகுதிகள்) 2021-இல் 5.14 பதிப்போடு வந்தன. அந்த இரண்டையும் கட்டளை வரியிலிருந்து இயக்கி, முடிவைப் படிக்கத்தக்க அட்டவணையாகக் காட்டும் கருவிதான் ஆர்டிஎல்ஏ. விரித்தால் ரியல்-டைம் லினக்ஸ் அனாலிசிஸ். இது 2022-இல், 5.17 பதிப்பில் சேர்ந்தது.

டைமர்லாட் ஒவ்வொரு சிபியு-விலும் ஓர் இழையை (தனியாக ஓடும் ஒரு சிறு வேலையை) உட்காரவைத்து, டைமர் ஒன்றை முடுக்கிவிட்டுத் தூங்கச் சொல்கிறது. வழக்கமான இடைவெளி 1000 மைக்ரோ விநாடி. டைமர் அடிக்கவேண்டிய நேரத்துக்கும் இன்டரப்ட் (வேலையை இடைநிறுத்தி சிபியு-வை அழைக்கும் சமிக்ஞை) உண்மையில் கையாளப்பட்ட நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு தாமதம். அந்த இழை கண்விழித்து ஓடத் தொடங்கும்வரை ஆனது இன்னொரு தாமதம். அலாரம் எத்தனை மணிக்கு அடித்தது, நீங்கள் எத்தனை மணிக்குப் பாயை விட்டு எழுந்தீர்கள் என்று இரண்டையும் தனித்தனியாகக் குறித்துவைப்பது போல.

இது எழுத்துப்பிழைக்கு எதற்கு என்று கேட்கலாம். 'ஹிஸ்ட்' என்று ஒரு சொல்லைப் பார்த்ததும் 'ஹிஸ்டரி' பாதியில் அறுந்துவிட்டது என்று திருத்தக் கிளம்பாமல் இருப்பதற்கு. அது ஹிஸ்டோகிராமின் சுருக்கம், ஒரு துணைக்கட்டளையின் பெயர்.

மூலநிரலை இறக்குவது

கெர்னலின் முழு வரலாற்றையும் இறக்கினால் சில ஜிபி ஆகும். டேட்டாவை மிச்சப்படுத்த 'டெப்த் 1' போட்டு மேலோட்டமாக இறக்கச் சொல்வார்கள். வேண்டாம். இந்த வேலைக்கு வரலாறு தேவைப்படும். அதற்குப் பதில், நிரலின் மாற்றங்களைக் காத்துவைக்கும் கிட் கருவியின் கிட் குளோன் கட்டளையோடு 'ஃபில்டர்=பிளாப்:நன்' என்ற தெரிவைச் சேருங்கள். கமிட் (பதிவு செய்யப்பட்ட ஒவ்வொரு மாற்றம்) வரலாறு முழுக்க வரும். பழைய கோப்புகளின் உள்ளடக்கம் மட்டும் தேவைப்படும்போது இறங்கும்.

எந்த மரத்தை (மூலநிரல் களஞ்சியத்தை) இறக்குவது? லினக்ஸை உருவாக்கிய லைனஸின் மரத்தை இறக்கிவிட்டு, லினக்ஸ்-நெக்ஸ்ட் மரத்தையும் ரிமோட்டாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த பதிப்புக்காகக் காத்திருக்கும் மாற்றங்கள் அதில்தான் இருக்கும். நீங்கள் கண்டுபிடித்த பிழையை வேறு யாராவது போன வாரமே திருத்தியிருக்கலாம். எழுத்துப்பிழைகளுக்குப் போட்டி அதிகம். மெயில்கள் எல்லாம் சேமிக்கப்படும் லோர் களஞ்சியத்திலும் அந்தத் தப்பான சொல்லைப் போட்டு ஒருமுறை தேடிப்பாருங்கள்.

பிழையைப் பிடிப்பது

தேட வேண்டிய இடங்கள் இரண்டு. டூல்ஸ் அடைவுக்குள் டிரேசிங், அதற்குள் ஆர்டிஎல்ஏ: இங்கே நிரல். டாக்குமென்டேஷன் அடைவுக்குள் டூல்ஸ், அதற்குள் ஆர்டிஎல்ஏ: இங்கே மேன் பக்கங்கள், அதாவது கருவியின் கையேடு. இரண்டின் மீதும் கோட்ஸ்பெல் என்ற கருவியை ஓட்டினால் சந்தேகச் சொற்களின் பட்டியல் வரும்.

பட்டியலில் வருவதெல்லாம் பிழை அல்ல. மாறிகளின் சுருக்கப் பெயர்கள் அகப்பட்டுக்கொள்ளும். அதோடு, நாம் பள்ளியில் படித்தது பிரிட்டிஷ் ஆங்கிலம். கலர் என்ற சொல்லில் யு இல்லாவிட்டால் டீச்சர் மதிப்பெண்ணைக் குறைத்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. கெர்னலில் பிரிட்டிஷ், அமெரிக்க எழுத்துக்கூட்டல் இரண்டுமே புழங்குகின்றன. ஒன்றை மற்றொன்றாக மாற்றி பேட்ச் அனுப்பினால் யாருடைய நன்றியும் கிடைக்காது.

கருவி பிடிக்காத பிழைகளும் உண்டு. 'தி' என்ற சொல் அடுத்தடுத்து இரண்டு முறை வருவது, 'தென்' வரவேண்டிய இடத்தில் 'தேன்' வருவது (ஆங்கிலத்தில் இ-க்குப் பதில் ஏ) போன்றவற்றை உட்கார்ந்து படித்தால்தான் கண்டுபிடிக்க முடியும். மேன் பக்கங்களை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். கருவியைப் பயன்படுத்தவும் கற்றுக்கொண்டதாகும்.

திருத்தலாமா, கூடாதா?

என்னைக் கேட்டால் மொத்த வேலையிலும் யோசிக்கவேண்டிய இடம் இது ஒன்றுதான்.

கமெண்டில் இருக்கும் பிழையைத் தயங்காமல் திருத்தலாம். உதவி உரையிலும் பிழைச் செய்தியிலும் இருப்பதைத் திருத்தத்தான் வேண்டும், பயனர் கண்ணில் படுவது அது. ஒரு கோப்புக்குள் மட்டும் வாழும் மாறியின் பெயர் தப்பாக இருந்தால் திருத்தலாம், ஆனால் அது அந்தக் கோப்பில் 30 இடத்தில் வந்தால் பலனைவிடத் தொல்லை அதிகம்.

தெரிவுகளின் பெயர், டிரேசர்களை இயக்கக் கெர்னல் காட்டும் டிரேஸ்எஃப்எஸ் அடைவில் தோன்றும் கோப்பின் பெயர், டிரேஸ் ஈவென்ட்டின் (பதிவாகும் நிகழ்வின்) பெயர், அதன் புலங்களின் பெயர் ஆகியவற்றில் பிழை இருந்தால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். யாரோ ஒருவருடைய ஸ்கிரிப்ட் அந்தத் தப்பான பெயரை நம்பி ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் சரிசெய்த அன்று அது உடையும். வெளியில் தெரியும் பெயரில் ஒரு முறை பிழை புகுந்துவிட்டால் அதற்கு ஆயுள் கெட்டி. யுனிக்ஸில் கோப்பை உருவாக்கும் 'கிரியேட்' அழைப்புக்குக் கடைசி இ இன்றுவரை இல்லை. உலாவிகள் அனுப்பும் 'ரெஃபரர்' தலைப்பில் நடுவில் ஓர் ஆர் குறைவு. 1996-இல் வந்த எச்டிடிபி 1.0 ஆவணத்திலேயே அப்படி அச்சேறி, இன்றும் உலகம் முழுக்க அந்தப் பிழையோடுதான் பக்கங்கள் திறக்கின்றன.

இரண்டுக்கும் நடுவில் சங்கடமான ஓர் இடம் உண்டு: கருவி திரையில் அச்சிடும் அட்டவணைத் தலைப்புகள். மனிதர் படிக்கத்தான் என்றாலும் ஸ்கிரிப்ட்டுகளும் அதைப் பிய்த்துப் படிக்கும். ஆர்டிஎல்ஏ அடைவிலேயே சோதனைகள் இருக்கின்றன. கருவியின் வெளியீட்டில் குறிப்பிட்ட சொல் வருகிறதா என்று அவை தேடக்கூடும். நீங்கள் மாற்றும் சொல் அங்கே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதே பேட்ச்சில் அதையும் மாற்றுங்கள்.

உடன்பிறப்புகளைத் தேடுவது

ஆர்டிஎல்ஏ-வில் ஒரு பிழை தனியாக இருப்பது அரிது. டைமர்லாட்டுக்கு டாப், ஹிஸ்ட் என்று இரண்டு முகம், ஓஎஸ்நாய்ஸுக்கும் அதே இரண்டு. நான்கும் ஒரே மாதிரித் தெரிவுகளை ஏற்பதால், உதவி வரிகள் ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றுக்கு நகலாகிப் பரவியவை. டைமர்லாட் டாப்பில் பிழை இருந்தால் ஹிஸ்ட்டிலும் இருக்க நிறைய வாய்ப்புண்டு.

எனவே சொல் தேடும் 'கிட் கிரெப்' கட்டளையை, பெரிய எழுத்து சிறிய எழுத்து பார்க்காத ஐ தெரிவோடு, தப்பான சொல்லுக்கு ஓட்டுங்கள். பயனர் பார்க்கும் செய்திகளை, வரி நீண்டாலும் நடுவில் உடைக்காதே என்பது கெர்னலின் நடைவிதி. இப்படி கிரெப் செய்து தேடுவதற்காகவே அந்த விதி. ஆனாலும் எல்லோரும் அதைப் பின்பற்றுவதில்லை. சந்தேகம் வந்தால் சொல்லின் பாதியைப் போட்டும் தேடுங்கள்.

மேன் பக்கங்களில் கதை தலைகீழ். பல பக்கங்களுக்குப் பொதுவான பத்திகளை, 'காமன்' என்று பெயர் தொடங்கும் கோப்புகளில் ஒருமுறை மட்டும் எழுதி, மற்றப் பக்கங்களில் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். மேன் பக்கத்தில் பார்த்த பிழை அந்தப் பெயருள்ள கோப்பில் அகப்படவில்லை என்றால் குழம்ப வேண்டாம், பொதுக் கோப்பில் இருக்கும். அங்கே ஒரு எழுத்தை மாற்றினால் எல்லாப் பக்கங்களும் ஒரே நேரத்தில் சரியாகும்.

திருத்துவது

எழுத்தை மாற்றுங்கள். அவ்வளவுதான், வேறு எதையும் தொடாதீர்கள்.

சொல்வது சுலபம். என் முதல் முயற்சியில் ஓர் எழுத்தை மாற்றிவிட்டு, மாற்றங்களைக் காட்டும் கிட் டிஃப் போட்டபோது 40 வரிக்கு மேல் சிவப்பும் பச்சையுமாக ஓடியது. கோப்பைச் சேமிக்கும்போதெல்லாம் வரிக்கடைசி இடைவெளிகளைத் துடைத்தெடுக்கும்படி என் எடிட்டரை நானே எப்போதோ அமைத்திருந்தேன். நல்ல பழக்கம் என்று நினைத்துச் செய்தது. கெர்னல் கோப்புகளைத் தொடும்முன் அதை அணைத்துவிடுங்கள். டேப் இருக்கும் இடத்தில் டேப்தான் இருக்க வேண்டும், எட்டு இடைவெளி அல்ல.

'கிட் டிஃப்' கட்டளையோடு 'வேர்ட்-டிஃப்' தெரிவைச் சேர்த்தால் மாறிய சொல் மட்டும் பளிச்சென்று தெரியும். 'ஸ்டாட்' தெரிவு, எத்தனை கோப்பு, எத்தனை வரி என்று கணக்குச் சொல்லும். ஒரு பிழை என்றால் ஒரு வரி சேர்ந்து ஒரு வரி போயிருக்க வேண்டும்.

எழுத்து கூடினால் வரிசை கலையும் இடங்களைக் கவனியுங்கள். உதவி உரையில் விளக்கங்கள் ஒரே நேர்கோட்டில் நிற்கும். மேன் பக்கங்களின் மூலமான ஆர்எஸ்டி கோப்பில் தலைப்பின் கீழே போட்ட கோடு தலைப்பைவிடக் குட்டையாக இருந்தால் 'தலைப்பின் அடிக்கோடு போதவில்லை' என்ற பொருளில் எச்சரிக்கை வரும். தலைப்பில் ஓர் எழுத்தைச் சேர்த்தால் கோட்டிலும் ஒரு குறியைச் சேருங்கள்.

கம்பைல் செய்து கண்ணால் பார்ப்பது

'ஒரு எழுத்துக்கு எதற்குக் கம்பைல்?' என்று தோன்றும் நேரத்தில்தான் மேற்கோள் குறி ஒன்று காணாமல் போயிருக்கும். லிப்டிரேஸ்ஈவென்ட், லிப்டிரேஸ்எஃப்எஸ் இரண்டின் டெவலப்மென்ட் பொதிகளையும் நிறுவிவிட்டு, ஆர்டிஎல்ஏ அடைவுக்குள் 'மேக்' கொடுங்கள். சிறு கருவி, சீக்கிரம் முடியும். மேன் பக்கங்களை உருவாக்கப் பைத்தானின் டாக்யுடில்ஸ் வேண்டும்.

திருத்தியது உதவி உரை என்றால் அந்தத் துணைக்கட்டளையின் உதவியை வரவழைத்துப் பாருங்கள். பிழைச் செய்தி என்றால் வேண்டுமென்றே தப்பான மதிப்பு ஒன்றைக் கொடுத்து அந்தச் செய்தியைத் திரைக்கு வரவழையுங்கள். நிஜமாகத் தாமதத்தை அளக்க ரூட் (நிர்வாகி) உரிமை வேண்டும்.

கமிட் செய்தி

தலைப்பு எப்படித் தொடங்க வேண்டும் என்பதற்கு எழுதிவைத்த விதியைவிட வழக்கமே பெரிது. 'கிட் லாக் ஒன்லைன்' கட்டளைக்கு அந்த அடைவின் பாதையைக் கொடுங்கள், முன்னவர்கள் எப்படித் தொடங்கினார்கள் என்று தெரியும். கருவிப் பக்கம் என்றால் 'ஆர்டிஎல்ஏ:' என்று தொடங்குவார்கள். கெர்னலுக்குள் இருக்கும் டிரேசர் கோப்பைத் திருத்தினால் 'டிரேசிங்' என்று தொடங்கும். இரண்டிலும் பிழை இருந்தால் இரண்டு பேட்ச். அதே சமயம் கருவிக்குள் ஏழு பிழை அகப்பட்டால் ஏழு பேட்ச் போடாதீர்கள், ஒன்றாகச் சேர்த்து அனுப்புங்கள். எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக உடைத்து அனுப்புகிறவர்களை, அந்தப் பகுதிக்குப் பொறுப்பான மெயின்டெய்னர்கள் எளிதில் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

உடலில் இரண்டு வரி போதும்: உதவி உரையில் ஓர் எழுத்துப்பிழை இருக்கிறது, அதைச் சரிசெய். ஆமாம், 'செய்தேன்' அல்ல, 'செய்'. கட்டளையிடும் தொனிதான் கெர்னல் வழக்கம். வரிக்கு 75 எழுத்துக்குள் மடக்குங்கள்.

எந்தக் கமிட்டில் பிழை நுழைந்தது என்று 'கிட் பிளேம்' காட்டும். அதைச் சுட்டும் 'ஃபிக்ஸஸ்:' வரியைப் போடலாமா? கமெண்டுக்கு வேண்டாம். பயனர் பார்க்கும் செய்திக்குப் போடுகிறவர்களும் உண்டு, போடாதவர்களும் உண்டு. போட்டால் கமிட் எண்ணின் முதல் 12 இலக்கம் வேண்டும். பழைய பதிப்புகளுக்கான ஸ்டேபிள் கிளைக்கு மட்டும் அனுப்பாதீர்கள். பயனருக்குப் பலன் தராத எழுத்துப்பிழைத் திருத்தம் அங்கே வேண்டாம் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது.

'கிட் கமிட்' கட்டளையோடு எஸ் தெரிவு கொடுத்தால் 'சைன்ட்-ஆஃப்-பை' வரி தானாகச் சேரும். இதை அனுப்பும் உரிமை எனக்கு உண்டு என்று நீங்கள் கொடுக்கும் உறுதிமொழி அது. இங்கே நம்மவர்களுக்கென்று ஒரு வில்லங்கம்: இனிஷியல். கிட் அமைப்பில் இனிஷியலை முன்னால் போட்டுவிட்டு, மெயில் கணக்கில் பின்னால் போட்டிருந்தால், அனுப்புநர் பெயரும் கையெழுத்துப் பெயரும் பொருந்தவில்லை என்று எச்சரிக்கை வரும். ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்து எல்லா இடத்திலும் அதையே வையுங்கள். பெயர் வரலாற்றில் நிரந்தரமாக நிற்கப்போகிறது.

செக்பேட்ச்

'கிட் ஃபார்மேட்-பேட்ச்' கட்டளைக்கு '-1' கொடுத்தால் கடைசி கமிட் ஒரு கோப்பாக வெளியே வரும். அதை, பேட்ச்சில் நடைவிதி மீறல்களைத் தேடும் செக்பேட்ச்.பிஎல் என்ற, ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் உள்ள ஸ்கிரிப்ட்டிடம், ஸ்ட்ரிக்ட், கோட்ஸ்பெல் இரண்டு தெரிவுகளோடும் கொடுங்கள்.

தலைப்பில் 'இந்தத் தப்பான சொல்லை இந்தச் சரியான சொல்லாக மாற்று' என்று மேற்கோளோடு எழுதியிருந்தால், எழுத்துப்பிழை இருக்கிறது என்று அது உங்களையே எச்சரிக்கும். கமிட் செய்தியையும் அது வாசிக்கிறது, மேற்கோளுக்குள் இருப்பது வேண்டுமென்றே போட்டது என்று அதற்குத் தெரியாது. அந்த ஓர் எச்சரிக்கையைக் கண்டுகொள்ள வேண்டாம். மற்றவற்றைச் சரிசெய்யுங்கள்.

யாருக்கு அனுப்புவது?

கோப்பின் தலையில் எழுதியவரின் பெயரும் முகவரியும் இருக்கும். அதைப் பார்த்து அனுப்பாதீர்கள். ஆர்டிஎல்ஏ கோப்புகள் பலவற்றின் தலையில் டேனியலின் பெயர் இருக்கிறது. அவர் 2024 ஜூனில் காலமானார். பெயர் அங்கே இருப்பது எழுதியவருக்குச் சேரவேண்டிய உரிமை, இன்று பொறுப்பில் இருப்பவர் யார் என்பது வேறு விஷயம். அதே ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் உள்ள கெட்_மெயின்டெய்னர்.பிஎல் ஸ்கிரிப்ட்டிடம் உங்கள் பேட்ச் கோப்பைக் கொடுத்தால், இப்போதைய மெயின்டெய்னர்கள், மெயிலிங் லிஸ்ட்டுகள் எல்லாவற்றையும் பட்டியலிடும். மெயின்டெய்னர்களை 'டு' வரியிலும் லிஸ்ட்டுகளை 'சிசி' வரியிலும் வையுங்கள். டிரேசிங் சம்பந்தப்பட்டவை லினக்ஸ்-டிரேஸ்-கெர்னல் என்ற லிஸ்ட்டுக்குப் போகும்.

அனுப்புவது

பேட்ச்சை இணைப்பாக அனுப்பக் கூடாது, எச்டிஎம்எல் மெயிலாகவும் கூடாது. வெற்று உரையாக, மெயிலின் உடலிலேயே போக வேண்டும். ஜிமெயில் பக்கத்தில் ஒட்டி அனுப்பினால் டேப் எல்லாம் இடைவெளியாகி பேட்ச் பொருந்தாமல் போகும். எனவே 'கிட் சென்ட்-இமெயில்'. டெபியன், உபுண்டுவில் இது கிட்-இமெயில் என்ற தனிப் பொதியில் இருக்கிறது. ஜிமெயில் கணக்கு என்றால் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, ஆப் பாஸ்வேர்ட் ஒன்றை உருவாக்கி அதைக் கொடுக்க வேண்டும்.

முதலில் உங்களுக்கே அனுப்புங்கள். வந்த மெயிலை மூல வடிவில் சேமித்து, புதிய கிளை ஒன்றில் 'கிட் ஏஎம்' கட்டளையால் பொருத்திப் பாருங்கள். முறுமுறுப்பில்லாமல் பொருந்தினால் மெயின்டெய்னரின் கணினியிலும் பொருந்தும். அதன்பிறகு உண்மையான முகவரிகளுக்கு அனுப்புங்கள்.

அனுப்பிய பிறகு

மௌனம் வந்தால் பதற வேண்டாம். ஒரு பதிப்பு வெளியானதும் சுமார் இரண்டு வாரம் மெர்ஜ் விண்டோ, அடுத்த பதிப்புக்கான மாற்றங்களை உள்ளே சேர்க்கும் காலம். அப்போது மெயின்டெய்னர்களுக்குத் தலைக்குமேல் வேலை. 9, 10 வாரத்துக்கு ஒரு புதிய பதிப்பு என்ற சுழற்சியில் எழுத்துப்பிழைக்கு அவசரம் கிடையாது. இரண்டு வாரம் பொறுத்து, அதே மெயிலுக்குப் பதிலாகப் பணிவாக ஒரு வரி எழுதிக் கேளுங்கள்.

'தலைப்பை மாற்று', 'அந்த இன்னொரு கோப்பிலும் இதே பிழை இருக்கிறது' என்று பதில் வந்தால் 'கிட் கமிட்' கட்டளைக்கு அமெண்ட் தெரிவு கொடுத்துத் திருத்தி, ஃபார்மேட்-பேட்ச்சுக்கு 'வி2' கொடுத்து இரண்டாம் பதிப்பாக அனுப்புங்கள். என்ன மாறியது என்பதை, மூன்று சிறுகோடுகள் உள்ள வரிக்குக் கீழே எழுதுங்கள். அங்கே எழுதுவது வரலாற்றில் ஏறாது. யாராவது 'ரிவ்யூட்-பை' (பார்த்துவிட்டேன், சரி) கொடுத்திருந்தால் அந்த வரியை இரண்டாம் பதிப்பில் சேர்க்க மறக்காதீர்கள். பதிலைக் கேள்விக்குக் கீழே எழுதுவதுதான் அங்கே மரியாதை, அலுவலக மெயில் போல உச்சியில் எழுதக் கூடாது.

இன்னொரு சின்ன வேலை. நீங்கள் பிடித்த தப்பான சொல் ஸ்பெல்லிங்.டிஎக்ஸ்டி கோப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அதே தப்பைப் பலரும் செய்யக்கூடும் என்று தோன்றினால், அகரவரிசைப்படி அதன் இடத்தில் ஒரு வரி சேர்த்துத் தனி பேட்ச்சாக அனுப்பலாம். இது டிரேசிங் மரத்துக்குப் போகாது. அந்தக் கோப்புக்கான திருத்தங்கள் பெரும்பாலும் மூத்த மெயின்டெய்னர் ஆண்ட்ரூ மார்ட்டனின் மரம் வழியாகத்தான் உள்ளே போகின்றன, அதனால் கெட்_மெயின்டெய்னரை மறுபடி ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.